பஸ் ஸ்டாப்பில் பத்து மணிப் பூ

அப்பா அந்த பஸ் ஸ்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மினி லாரியில் ஏற்றி வந்து, நாலு பேர் பிடித்து இறக்கி, வீட்டின் பின்புறம் மதில் சுவரைப் பார்த்தபடி அதை நிறுத்தினார்கள். அப்பா வெல்டர். ஒரு கான்ட்ராக்டருக்காக ரோட்டோர நிழற்குடைகள் செய்து கொடுக்கிறார். மேலே வளைந்த கூரை, மூன்று பக்கமும் தகடு, உள்ளே இரும்பு பெஞ்சு. இந்த ஒன்றில் மட்டும் பெஞ்சின் ஒரு கால் குட்டையாகிவிட்டது. உட்கார்ந்தால் இடதுபக்கம் மெதுவாக வழுக்கும். கான்ட்ராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். "ஊர் உலகத்துல வீட்டுக்குப் பின்னாடி ஊஞ்சல் போடுவாங்க. இந்த மனுஷன் பஸ் ஸ்டாப்பு போடுறாரு. இதுல உக்காந்து எந்த ஊருக்குப் போறது?"

"உங்க அம்மா வீட்டுக்குத்தான். போற பஸ் மட்டும் உண்டு, திரும்பி வர்றது கிடையாது."

அம்மா கையிலிருந்த அளவு டேப்பால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அக்காவின் ஜன்னலைப் பார்த்தேன். மூடியேதான் இருந்தது. அப்பாவும் அந்தப் பக்கம்தான் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "அக்காவுக்குக் கொஞ்சம் காத்தாட உக்கார ஒரு இடம் வேணும்ல. நாலு பூச்செடி வச்சா நல்லா இருக்கும். நீ பாத்து வாங்கிட்டு வாயேன் எலி" என்றார்.

எலி நான்தான். பதினாறு வயதாகிறது, இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன் என்று அக்கா வைத்த பெயர். பிரசவத்துக்கு வந்தவள், குழந்தை பிறந்து மூன்று மாதமாகியும் இங்கேதான் இருக்கிறாள். மாமாவுக்கு வேறு ஊரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். குழந்தைக்கும் பெயர் வைத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் முதன்முதலில் பார்த்தபோது, "வழுக்கைத் தலை, தொங்குற கன்னம், எல்லாரையும் முறைக்கிறது... ரிட்டையர் ஆன ஆபீசர் மாதிரி இருக்கான்டி" என்றாள். அன்றிலிருந்து அவன் ஆபீசர். அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன ஜோக். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக யாரோ அவளுடைய சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு தட்டிலேயே காயும். ஆபீசர் அழுவான், அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பாள். பால் கொடுக்கும்போதுகூட அவனைப் பார்க்க மாட்டாள். அம்மா, "உடம்பு அசதி, சரியாயிடும்" என்பாள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது அசதி இல்லை என்று.

பஸ் ஸ்டாப் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மத்தியானம். நான் ஆபீசரின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எலி, ஒருவேளை நான் இல்லேன்னா இவனை நீ பாத்துக்குவியா?"

அடுப்பில் பால் இருக்கிறது பார்த்துக்கொள் என்பாள் அல்லவா, அதே குரல்.

"எங்கக்கா போறே?"

"எங்கயும் போகல. சும்மா கேட்டேன். அம்மாகிட்ட சொல்லாதே." என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். அதுதான் என் பிரச்சினை. சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். மீறாவிட்டால் அதைவிடப் பெரிதாக ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அவள் குளியலறைக்குப் போனால் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் "அக்கா, சோப்பு இருக்கா?" என்று கேட்பேன். ஒரு நாளில் ஏழு தடவை சோப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

அப்பா கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஐந்து வருடம் வேலை பார்த்த நர்சரி. வருகிறவர்களிடம் அவள் முதலில் விலையைப் பேச மாட்டாள். வீட்டு வாசல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்துவிட்டுத்தான் செடியைத் தொடவே விடுவாள். நர்சரிக்காரர் அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

"வெயில் எவ்வளவு நேரம்மா வரும்?"

"நல்லா வரும்" என்றேன். உண்மையில் காலை ஏழு மணிக்கு மதில் ஓரமாக உள்ளே வந்து, ஒன்பது மணிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நாளெல்லாம் கூரை நிழல். எனக்கு அப்போது அதெல்லாம் புத்தியில் ஏறவில்லை. என் கண் முழுக்க அந்தப் பத்து மணிப் பூவின்மேல் இருந்தது. உச்சி வெயிலில் ஒரு வரிசை முழுக்க விரிந்து கிடந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஒரு குங்குமப்பூக் கலர்.

"நிழல் இருந்தாச் சொல்லு, காசித்தும்பை தர்றேன். இப்பதான் நாத்து. ஒரு மாசத்துல பூக்கும்."

"ஒரு மாசமெல்லாம் முடியாதுங்க. இன்னிக்கே பூத்திருக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பூத்ததை வாங்கினா வாடுறதைத்தான் பாப்பே. மொட்டை வாங்கினாதான் பூக்கிறதைப் பாக்கலாம். உங்க அக்கா வாயாலயே கேட்ட வார்த்தைம்மா இது."

அக்காவுக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாதபோது மொட்டை வாங்கிக்கொண்டு போய் நான் என்ன செய்வது? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆறு தொட்டி பத்து மணிப் பூ வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் குடை மடக்கிக்கொண்டன. நாளைக்குக் காலையில் விரியும், அக்காவை இழுத்துக்கொண்டுவந்து காட்டலாம் என்று பஸ் ஸ்டாப்புக்குள் வரிசையாக வைத்தேன்.

மறுநாள் விரியவில்லை. அதற்கடுத்த நாளும் விரியவில்லை. மொட்டுகள் மூடியபடியே கறுத்து, தொட்டால் ஈரப் பஞ்சு மாதிரி கையோடு வந்தன. தண்ணீர் போதவில்லை போல என்று ஊற்றினேன். மழை பெய்தாலும் அந்தக் கூரைக்குள் ஒரு சொட்டு விழாது, நான்தானே ஊற்ற வேண்டும்? அக்கா சாப்பிடாத தட்டைக் கழுவப் போகும்போது ஒரு குவளை. அவள் அறைக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால் ஒரு குவளை. ஆபீசர் வீறிட்டு அழுது, அவளுடைய சத்தமே கேட்காவிட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு குவளை. பயம் வரும்போதெல்லாம் கை குவளையைத் தேடியது. ஊற்றும் அந்த அரை நிமிடம் மட்டும் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். அம்மா ஒருநாள் மிஷினில் இருந்தபடியே கத்தினாள்: "பூச்செடி வளக்குறியா, நெல்லு நடுறியா?"

எட்டாவது நாள் காலை. ஒன்பதரை மணி இருக்கும். நான் அன்றைக்கு நாலாவது குவளையை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் அக்கா. தலை சீவாமல், நைட்டியில் பால் கறையோடு, பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். குவளைச் சத்தம் கேட்டு வந்தாளா, என்ன நினைத்து வந்தாளோ தெரியாது. தொட்டிகளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மதில்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தாள்.

"எந்தக் கழுதை இதை இங்க வச்சது?"

 மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"ஒன்பது மணிக்கு வெயில் போற இடத்துல பத்து மணிப் பூவைக் கொண்டாந்து வச்சிருக்கியே, அறிவிருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" குனிந்து ஒரு தொட்டியில் விரலை விட்டாள். விரல் முழுசாக உள்ளே போயிற்று. வெளியே எடுத்து மோந்து பார்த்தாள். "அடிப்பாவி. வேரே அழுகிப் போச்சு. எத்தனை தடவை ஊத்துறே?"

"எண்ணலக்கா."

"எதுக்குடி இப்படி ஊத்துறே?"

"பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா நீ தண்ணி குடி. இது தலையில ஏன் ஊத்துறே?" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். சேறு படிந்த விரலை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. "எப்பலேருந்து?"

"நீ அன்னிக்கு அதைக் கேட்டேல்ல. அதுலேருந்து."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்சம் இடதுபக்கம் வழுக்கி, தகட்டில் தோள் இடிக்கச் சாய்ந்துகொண்டாள்.   குவளையைக் கீழே வைத்தேன். நான் இதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது:

"அக்கா, நான் அம்மாகிட்ட சொல்லப்போறேன். நீ எவ்வளவு திட்டினாலும் சரி. எங்கிட்ட இனிமே பேசவே வேணாம். ஆனா சொல்லப்போறேன்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தன் விரலிலிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவிட்டுப் போ" என்றாள்.

அம்மா ஒரு ஸ்கூல் யூனிபார்முக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு காலர் முடிந்து துணி இல்லாத இடத்தில் ஊசி வெறுமனே குத்திக்கொண்டு போனது, பிறகு நின்றது. அழவில்லை. எழுந்தாள். ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அப்பாவின் செருப்பும் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு அவளையும் வழுக்கிக்கொண்டு போய் அக்காமேல் சாய்த்தது. அம்மா நிமிர்ந்துகொள்ளவில்லை. அப்படியே இருந்தாள். உள்ளே ஆபீசர் முனக ஆரம்பித்திருந்தான், நான் ஓடி அவனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நின்றேன்.

"போம்மா, வேலையப் பாரு" என்றாள் அக்கா.

"என் வேலை கிடக்கு. பஸ் வர்ற வரைக்கும் நானும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

அப்போதுதான் அக்கா அழுதாள்.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா அக்காவிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "பிள்ளை பெத்தவங்க நிறையப் பேருக்கு வர்றதுதான் இது. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. நோவு. மாத்திரை இருக்கு. கேக்க சில வாரம் ஆகும். அதுவரைக்கும் தனியா விடாதீங்க" என்றார். கடைசியில் என் நகத்திலிருந்த சேற்றைப் பார்த்து, "உனக்கு ஸ்கூல் உண்டா இல்லையாம்மா?" என்று கேட்டார். மாமா அன்று ராத்திரியே லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆபீசருக்குத் துணி மாற்ற அவர் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

அழுகியதைக் கொட்டிவிட்டு, பிழைக்கும்போல இருந்த இரண்டு தொட்டியை மொட்டை மாடி வெயிலுக்கு ஏற்றினோம். அடுத்த வாரம் அக்கா வீட்டிலிருந்தே நர்சரிக்காரருக்குப் போன் பண்ணினாள். ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டாள். ஆனால் செடி வந்தது. மதில் ஓரம் இரண்டு மணி நேர வெயிலுக்குக் காசித்தும்பை நாற்று எட்டு, உள்ளே நிழலுக்குப் பெகோனியா மூன்று. எல்லாம் சுண்டுவிரல் உயரம், ஒன்றில்கூடப் பூ இல்லை. அப்பா பெஞ்சுக் காலுக்கு ஒரு இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைக்க வந்தார். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவர் இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இன்னும் சில மத்தியானங்களில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். சில நாள் ஆபீசரைக் கொஞ்சுகிறாள், சில நாள் யாருடைய குழந்தையோ மாதிரி கையில் வைத்திருக்கிறாள். நான் சோப்பு இருக்கிறதா என்று கேட்பது ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. மாமா இந்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டதால் இப்போது நான் அவள் அறையில்தான் படுக்கிறேன்.

இதையெல்லாம் இந்த நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், சற்று முன் நடந்தது. விழிப்பு வந்து பார்த்தால் பக்கத்தில் அக்கா இல்லை. தொட்டிலில் ஆபீசரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது, வழியில் குவளையை எப்போது எடுத்தேன் என்றும் தெரியாது. அக்கா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். ஆபீசர் அவள் தோளில் கிடந்து, கண் கொட்டாமல் மதிலுக்கு அப்பால் எரிந்த தெருவிளக்கை முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஆபீசருக்குத் தூக்கம் வரல. ரவுண்ட்ஸ் போகணும்னாரு" என்றாள். பிறகு என் கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். 

நான் மூச்சு வாங்கியபடி முதல் தொட்டியருகே குனிந்து, மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. மதில் ஓரத்துச் செடியில், இலைக்கு அடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு மொட்டு. நிறம் இன்னும் தெரியவில்லை. நிமிர்ந்து, குவளைத் தண்ணீரை நானே குடித்தேன். முழுசாகக் குடித்தேன். அக்கா ஆபீசரை மாற்றிப் போட்டுக்கொண்டு, பெஞ்சின் தாழ்ந்த ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். நான் உயர்ந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சு என்னை மெதுவாக அவள் பக்கம் வழுக்கிக் கொண்டுபோயிற்று.