பெரட்டில் இரண்டு பேர்

நிமலனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் சாமான் தன் வீட்டில்தான் இருக்கவேண்டும். ஊர் உலகமெல்லாம் படத்தையும் பாட்டையும் முகம் தெரியாத கம்பனிக்காரனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. இவன் மட்டும் பதுளையில் பஸீல் நானாவின் கடையில் ஒரு பழைய கணினியை வாங்கி, மடுல்சீமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அதையே சர்வராக்கி அரிசி வாளிக்குப் பக்கத்தில் குடிவைத்தான். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அம்மா அனுப்புகிற படங்கள், செத்துப்போன அப்பாவின் குரல் பதிந்த நாலு துண்டு, எல்லாம் அதற்குள்தான். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு த்ரீவீலர் பெட்டரி.

இதென்ன பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு அவனிடம் ஒரே பதில்தான். "நாம இருக்கிற இந்த ஒத்த ரூம் காம்பராவும் தேயிலத் தோட்டத்துது, மண்ணும் தோட்டத்துது. இந்தப் பெட்டி ஒண்ணுதான் நம்மளுது. இதுலேருந்து யாரும் யாரையும் வெளிய அனுப்ப முடியாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெட்டிக்குள் ஒரு விளையாட்டு உலகமும் ஓடியது. கட்டைகளை அடுக்கி வீடு, வீதி, மலை என்று கட்டிக்கொண்டே போகலாம். கொரோனாவில் ஊரே அடங்கிக் கிடந்தபோது அவனும் அடுத்த லயத்து வரிசையில் இருந்த விதுஷாவும் சேர்ந்து தொடங்கியது. அவளிடம் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. இவன் எதைக் கட்டினாலும் கடைசியில் தேயிலை பெக்டரி மாதிரியே வந்து நிற்கும். அவளுக்கோ கட்டுவது கைவந்த கலை. ஒற்றை ஜன்னல் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள், அங்கே தனக்கென்று கட்டிய வீட்டுக்குப் பதினொரு ஜன்னல் வைத்தாள். "காத்து வரட்டும்" என்றாள். கணினிக்குள் ஏது காற்று என்று நிமலன் கேட்கவில்லை. அவள் எது சொன்னாலும் அவனுக்குச் சரியாகவே பட்டது.

அந்த உலகத்துக்குப் பெரட்டு என்று பேர் வைத்தார்கள். விடிந்ததும் தோட்டத்து ஆட்களைக் கூட்டிவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. தினமும் காலை ஆறரைக்கு சர்வர் தானாகப் பேர் கூப்பிடும். பட்டியலில் இருந்தது இரண்டே பேர். ஆறரைக்கு நிமலன் பசறையில் போன் திருத்தும் கடைக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நிற்பான், ஞாயிறென்றால் போர்வைக்குள் இருப்பான். ஆகவே அந்தப் பெரட்டை அவனே ஒருநாளும் பார்த்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன் விதுஷா போய்விட்டாள். அவள் அம்மா கொழுந்து எடுப்பதை விட்டு டவுனில் ஒரு கடை வேலைக்குப் போனார். தோட்டத்து ஆபீசில் அவர் பேரை வெட்டினார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது, தாயும் மகளும் கொழும்புக்குப் பக்கத்து வத்தளைக்கு மூட்டை கட்டினார்கள். அங்கே ஒரு கார்மென்ட் பெக்டரியில் விதுஷாவுக்கு வேலை. "ரூமுக்கு இன்டர்நெட் லைன் எடுத்ததும் வந்து வெளையாடுறேன். என் வீட்டப் பாத்துக்க" என்றாள் பஸ் ஏறும்போது.

பார்த்துக்கொண்டான். வேலை விட்டு வந்ததும் தன் வீட்டு அடுப்பை மூட்டுகிறானோ இல்லையோ, விளையாட்டுக்குள் போய் அவள் வீட்டுக்கு விளக்கு வைத்துவிடுவான். அவளை இரண்டு தடவை போனில் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட ரோசம் விடவில்லை. வேண்டுமென்றால் அவள் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டான். அவள் இல்லாத தோட்டத்தில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை பிடித்துக்கொண்டு பெய்தது. வராதவளுக்கு எத்தனை நாள்தான் விளக்கு வைப்பது என்று அவனுக்கு அலுத்துவிட்டது. உலகத்தை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தான். அதற்குமுன் அவள் கடைசியாக வந்த நாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று, வந்துபோகிறவர்களை சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை. விதுஷா, மாலை 5.12, அனுமதி இல்லை. 5.13, அனுமதி இல்லை. 5.16, அனுமதி இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நிமலனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டம் அவன் எழுதியதுதான். நூற்றெண்பது நாள் அந்த உலகத்துக்குள் வராதவரின் பேரை சர்வர் தானே வெட்டிவிடும். தொடங்கிய நாளில் சிரிப்புக்காகப் போட்டு, மறந்தும்போன சட்டம். அவள் வந்தது நூற்றெண்பத்து மூன்றாவது நாள். பேர் வெட்டுப்பட்டவர் கதவைத் தட்டினால் திரையில் ஒரு அறிவிப்பு வரும். அன்றைக்கு விதுஷா மூக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் குரலில் சொல்லச் சொல்ல, இவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தட்டியது அது: உங்கள் பேர் வெட்டப்பட்டது. காம்பராவைக் காலிசெய்து சாவியை ஆபீசில் ஒப்படைக்கவும்.

ரோசமெல்லாம் எங்கோ போய்விட்டது. போனை எடுத்தான். வெகுநேரம் அடித்தபிறகு அவள் எடுத்தாள்.

"விது, நான் நிமலன்."

"தெரியுது."

"நான் வெட்டல விது. அது தானா வெட்டிருச்சு. நாம போட்ட சட்டம்."

"அதுவும் தெரியும். நான் சொன்ன எழுத்துதானே."

"தெரிஞ்சுமா ஒரு போன் பண்ணல?"

அவள் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கித்தான் லைன் வந்துச்சு. வீட்டக் காட்டுறேன்னு அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சிருந்தேன். என்னாடி எழுதியிருக்குன்னு கேட்டுச்சு. எப்பிடி வாசிக்கிறது? மூணு தரம் தட்டிப் பாத்தேன். பொட்டி ஒன் வீட்டுல இருக்கு, யாரு வந்தா, யாரு போனான்னு ஒனக்குத் தெரியும், நீ பாத்துட்டுக் கூப்புடுவேன்னு இருந்தேன்."

"பாக்கல விது. இன்னைக்கித்தான் பாத்தேன்." அவன் கீபோர்டை இழுத்தான். "இப்பவே பேர் போட்டுர்றேன். வீடு அப்பிடியே இருக்கு. வா."

"லெப்டொப்ப வித்துட்டேன் நிமலா. அடுத்த வாரமே."

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது.

"பதினொரு ஜன்னலும் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கு."

"சரி. பேர மட்டும் வெட்டாத."

மறுநாள் காலை நிமலன் வேலைக்குப் போக உடுத்தியபடியே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளே சட்டத்தை அழித்து, அவள் பேரைத் திரும்பப் போட்டுவிட்டான். சரியாக ஆறரைக்கு சர்வர் பெரட்டைக் கூப்பிட்டது. நிமலன் என்றது. வந்தாச்சு என்று தட்டினான். விதுஷா என்று கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. பசறை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு லயத்தைக் கடந்து இறங்கிப் போனது. அவன் எழுந்திருக்கவில்லை.