போயிட்டு வாங்க

பாடையைத் தோளுக்கு உயர்த்திய நால்வரும் வாசலைத் தாண்டும் நேரத்தில், பெண்கள் கூட்டத்தின் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“போயிட்டு வாங்க, மாமா!”

ஒப்பாரி சட்டென்று அறுந்தது. இறந்துபோன சேதுராமனின் தங்கை பாக்கியலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடியே, பொணத்தப் பாத்து வான்னு கூப்பிடுறியே! இன்னொண்ணு விழணுமா இந்த வீட்டுல?”

மருமகள் மீனாச்சி மிரண்டுபோனாள். கெபாயா மேற்சட்டையின் நுனியை விரலில் சுருட்டினாள்.

“தெரியாதுங்க... மாமா தினம் எங்க வீட்டுக்கு வரும். வேல முடிஞ்சு. ‘போயிட்டு வரேம்மா’ சொல்லும். நான் இப்பிடித்தான் சொல்றது.”

சேதுராமனின் மனைவி பூங்காவனம் தலைநிமிர்ந்தாள். அந்தப் பெண்ணிடம் அவள் பேசியதே இல்லை.

“தினமுமா?”

“ஆமா. கோப்பி குடிக்கும்.”

“சீனி எத்தன கரண்டி?”

“மூணு, மாமி.”

“அதானே பாத்தேன்! நான் குடுத்த அரைக் கரண்டிக்கு மனுசன் வாயே தொறக்கலியேன்னு.”

மீனாச்சி காஜா பேராங் செட்டிக் கம்பத்துப் பெண்; பல தலைமுறையாக மலாய் நாட்டிலேயே வேர்விட்ட குடும்பம். சாமியும் பேரும் தமிழ். வீட்டுப் பேச்சு மலாய். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருஷம் தியாகு அவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஜாதகமில்லை, பரிசமில்லை. மகனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சேதுராமன்.

பூங்காவனம் அதற்காகச் சண்டை போடவில்லை. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது முப்பது வருஷமாகச் சொல்லிவந்த ‘போயிட்டு வாங்க’வை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவர் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்பார். இவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். ஒரு தடவை மணியடித்துவிட்டுப் போய்விடுவார். நேற்றும் அடித்தார். பத்து மணிக்கெல்லாம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மேசையிலேயே சாய்ந்துவிட்டார். ஆபீஸ் பியூன்தான் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுப் போனான்.

பாக்கியலட்சுமி ஓயவில்லை. “இதுக்குத்தான் பாசை தெரிஞ்ச எடத்துல பொண்ணெடுக்கணும்ங்கிறது. நீங்க கேளுங்க, அண்ணி.”

“விடு, பாக்கியம். யாராச்சும் சொன்னாங்கல்ல.”

பாடை தெருமுனையைத் திரும்பியிருந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாயங்காலம் சுடலையிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். காரியம் முடியும்வரை தியாகு இங்கேதான். மீனாச்சியை மட்டும் யாரும் இரு என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்று அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். உதட்டை இறுக மூடிக்கொண்டு படியிறங்கினாள். தூறல் போட்டது.

“ஏய், மீனாச்சி.”

அந்தப் பெயர் பூங்காவனத்தின் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள்.

“காலையில கொண்டாந்து குடு.”

“சரி, மாமி.”

“வெள்ளனவே கொண்டா.”

குடை செட்டிக் கம்பத்துப் பக்கமாகப் போய் மறைந்தது. சுவரோரம் சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது. பூங்காவனம் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது, மணியில் விரல் பட்டு ஒரு தடவை அடித்தது.