விளிம்புக்கு இரண்டு விரல் கீழே

ஒன்பதில் மூன்று மீன்கள் மிஞ்சியிருந்தன. குளியலறையில், துணி ஊறவைக்கும் நீல டப்பில், காற்றுக் குமிழி வரும் மூலையில் மூன்றும் ஒட்டிக்கொண்டு நின்றன. புதுத் தொட்டி வரும்வரை இருக்கட்டும் என்று அவன் மனைவி விட்டுவைத்த ஏஞ்சல் மீன்கள். தொட்டி வந்தது. அதே வாரம் அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. தொட்டி கூடத்தில் காலியாக நிற்க, அவள் மருத்துவமனைக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மீன்தொட்டி பொருத்துவது அவள் தொழில். குழாய் வேலைக்கு அவளோடு போய்வந்தவர் சொட்டு அண்ணன். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி "சொட்டுதா?" என்று கேட்பதால் அவள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

"இன்னிக்கு மாத்தலேன்னா இது தேறாது மாப்ள," என்றார் சொட்டு அண்ணன், டப்பை எட்டிப் பார்த்துவிட்டு. "எத்தன தடவ தண்ணி மாத்தினாலும் நாத்தம் போகல பாரு."

"மாத்திடலாம்," என்றான் அவன்.

அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அந்த மூன்றுதான். புடவைகளை மாமியார் மூட்டை கட்டிவிட்டார். மீன்களை என்ன செய்வது என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் தீனி போட்டான். தினமும் ஒன்று குறைந்ததுபோல் இருந்தது.

தொட்டியில் முந்தின நாளே தண்ணீர் நிரப்பி மருந்து கலந்திருந்தார்கள். மட்டம் வைப்பதுதான் பாக்கி. தொட்டியின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மேல்பக்கம் சீப்புப் பல் மாதிரி வெட்டிய தட்டு. தண்ணீர் அந்தப் பற்களின் இடையே வழிந்து, குழாயில் இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் போகும். மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். தட்டை ஏற்றினால் மேல்மட்டம் ஏறும், இறக்கினால் இறங்கும்.

"இன்னும் ஏத்துங்கண்ணே. கண்ணாடி முடியற வரைக்கும் தண்ணி நிக்கணும்னு சொல்லுவா."

"அவ சொல்லுவா, தரையத் தொடைக்கறது யாரு? மத்த தொட்டின்னா சுத்திச் சட்டம் இருக்கும், கொஞ்சம் தாங்கும். இதுல ஒண்ணுமில்ல. தாண்டினா தரை." சொட்டு அண்ணன் இரண்டு விரலைச் சேர்த்துக் கண்ணாடியின் விளிம்பில் வைத்தார். "ரெண்டு விரல். அதுக்கு மேல நான் கேக்கமாட்டேன்."

மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறி, பற்களைத் தொட்டு, வழிய ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்தினார். மேல்மட்டம் கொஞ்சம் இறங்கி நின்றது. இறங்கிய தண்ணீரைக் கீழ்த்தொட்டி சிந்தாமல் வாங்கிக்கொண்டது. மறுபடி போட்டார். விரலால் குழாயைத் தடவினார்.

"சொட்டுதா?"

"இல்லண்ணே."

அவன் தொட்டிக்கு நேராகக் குனிந்து பார்த்தான். இடது கோடியில் இரண்டு விரல். வலது கோடியில் அவ்வளவு இல்லை. ஸ்கேல் எடுத்து வைத்தான். நான்கு மில்லிமீட்டர் சாய்வு. சட்டம் வைத்த தொட்டியில் அது சட்டத்துக்குள் மறைந்துபோயிருக்கும். இதில் தண்ணீரே கோடு போட்டுக் காட்டியது.

"சாஞ்சிருக்கு."

"தரை அப்படி. ஆபத்தில்ல மாப்ள. மொதல்ல மீன விடு, அப்புறம் ஒரு நாள் சாவகாசமா பாத்துக்கலாம்."

"அவ விட்டிருப்பாளா?"

சொட்டு அண்ணன் குழாயிலிருந்து கையை எடுத்தார். "ஒரு பேங்க்ல ஒரு நூல் சாய்வுக்கு ரெண்டு தடவ காலி பண்ண வச்சா, மகராசி. மேனேஜரு கும்பிடாத குறை."

"அப்ப காலி பண்ணுங்க."

நிறைந்த தொட்டியை நெம்பினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். ஹோஸ் போட்டுத் தண்ணீரை டிரம்களில் இறக்கினார்கள். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மாமியார் மீன்களுக்குக் காவல் இருந்தார்.

"புள்ளயப் பெத்துக் குடுடின்னா மீனப் பெருக்கிக் குடுத்தா," என்று அங்கிருந்தே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளை, மேல வந்து வாயப் பொளக்குது," என்றார்.

"இதோ ஆச்சு அத்தை."

"அந்த டிரம்லயாவது விடுங்களேன். நல்ல தண்ணிதானே?"

"இருக்கற நெலமைல ஒரு தடவ வலைல பிடிக்கறதே அதிகம்மா," என்றார் சொட்டு அண்ணன். "ரெண்டு தடவ தாங்காது."

ஸ்டாண்டின் வலது காலை நெம்பி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினார்கள். ரசமட்டக் குமிழி நடுவுக்கு வந்தது. தண்ணீரை ஏற்ற ஆரம்பித்தார்கள். பாதி ஏறியபோது இப்போது இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"இது போதும் மாப்ள. கடவுளே வந்து பாத்தாலும் தெரியாது."

"அவளுக்குத் தெரியும்."

சொட்டு அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். ஹோஸை மறுபடி டிரம்முக்குள் விட்டார்.

"ஒண்ணு சாஞ்சுடுச்சு," என்றார் மாமியார்.

அவன் எழுந்து போகவில்லை. ஒரு துண்டை உருவிவிட்டு அதைவிட மெல்லியதைச் செருகிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறி முடிவதற்குள் மாமியார் கைகளைப் புடவையில் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றார்.

"ரெண்டாவதும் போச்சு. இன்னும் ஒண்ணுதான். ஊரெல்லாம் ஓடி ஓடித் தொட்டி வச்சா. வீட்டுல கெடந்தத நீங்க ரெண்டு பேரும் அளந்தே கொன்னுட்டீங்க."

மோட்டார் ஓடியது. இடது கோடியில் இரண்டு விரல், வலது கோடியில் இரண்டு விரல். ஸ்கேல் வைத்தாலும் அதேதான். சட்டமில்லாத கண்ணாடிக்குள் தண்ணீர் ஒரு பலகைபோல நின்றது.

அவன் வலையில் கடைசி மீனைக் கொண்டுவந்து விட்டான். பெரியதுதான். வாலில் பாதி அழுகியிருந்தது. அது நீந்தவில்லை. தண்ணீர் போகும் பக்கம் போனது. மூலைப் பெட்டியை நெருங்கியதும் பற்களின் மேல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் அதன்மேல் ஏறி வழிந்தது.

"மோட்டாரை நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினார். மட்டம் இறங்கி நின்றது. மீன் பற்களிலிருந்து விடுபட்டு மெல்லக் கீழே போனது.

"ரொம்ப நேரம் நிறுத்த முடியாது மாப்ள. அது இருக்கற நெலமைல ஓடற தண்ணிதான் அதுக்கு மூச்சு."

"போடுங்க."

அவன் சட்டைக் கையை மடக்கவில்லை. முழங்கைக்கு மேல்வரை தொட்டிக்குள் விட்டு, பற்களுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துவைத்தான். மோட்டார் ஓடியது. தரையில் ஒரு துளி விழவில்லை. அவன் கை இடம்பிடித்த அளவுத் தண்ணீர் பற்களில் வழிந்து போயிற்று. இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

மீன் மறுபடி மேலே வந்தது. இந்த முறை அவன் கையில் வந்து ஒட்டியது. செவுள் ஒருமுறை திறந்தது. அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான்.

சொட்டு அண்ணன் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார். மாமியார் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை. போயிடுச்சு. கைய எடுங்க."

"எடுத்தா பல்லுல போய் அடைச்சுக்கும்," என்றான் அவன்.