பதினேழாம் எண்ணில் முளைத்தவன்

கணக்கியல் மாலை வகுப்பில் பதினேழாம் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் வேறொருத்தி பதில் சொல்லிச் சொல்லி, மழைக்காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் ஓர் ஆள் முளைத்துவிட்டான். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வாத்தியார் வழக்கம்போலத் தலை நிமிராமல் எண்களைப் படித்துக்கொண்டு வந்தார். "பதினேழு" என்றதும் மூன்றாவது பெஞ்சில் இருந்த கண்ணாடிக் கடைப் பெண் கைக்குட்டையை வாயில் வைத்து, தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்றாள். கைக்குட்டையை மடித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் பதினேழாம் எண்காரன் உட்கார்ந்திருந்தான். அதே நேரத்தில் அசல் பதினேழு நான்கு தெரு தள்ளி ஒரு பேக்கரியில் சூடான தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு அவனுடைய முதலாளியே சாட்சி. வகுப்பில் யாரும் கூச்சல் போடவில்லை. வாத்தியார் அன்றைக்குத் தேய்மானப் பாடம் நடத்தினார்; முளைத்தவன் குறிப்பு எழுதிக்கொண்டான்.

அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் நான்கு பேர். வகுப்புக்கு உள்ளே எண்ணும் வெளியே தொழிலுமே அவர்களுக்குப் பெயர். பேக்கரிக்காரன் பன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர் லிஃப்ட் அண்ணன். சலவைக் கடையில் பெட்டி போடுபவர், எல்லாருக்கும் மூத்தவர், இஸ்திரி அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்கும் வேலை செய்த பெண் கண்ணாடி. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. மற்றவர் கண்ணுக்கு எது பொருந்தும் என்று பட்டென்று சொல்லுவாள். தனக்கென்று வந்தால் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதற்கே இரண்டு நிறுத்தம் யோசிப்பாள்.

முதல் பருவத்தில் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுவதும் அவளுக்குப் பதில் சொன்னது பன்தான். கீச்சுக் குரலில் அவன் "உள்ளேன் ஐயா" என்றபோது வகுப்பே சிரிப்பை அடக்கி முகம் சிவந்ததாம். வாத்தியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், பிழைத்தார்கள். அது ஒரு வாரம்தான். ஒரு வாரத்துக்கெல்லாம் யாரும் முளைப்பதில்லை. அந்த நன்றிக்காக, பேக்கரியில் பன்னை மாலை முறைக்கு மாற்றியதும், வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள் என்று அவன் கையைப் பிசைந்ததும், யாரும் கேட்காமலே கண்ணாடி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். குரலுக்காக வீட்டில் குளியலறையில் ஒத்திகைகூடப் பார்த்தாள்.

முளைத்தவனுக்கு உள்ளேன் என்றே பெயர் நிலைத்தது. மூவருக்கும் பன்னைப் பற்றி என்னென்ன தெரியுமோ அதை வைத்துத்தான் அவன் ஆகியிருந்தான். அக்கா துணியைக் கவனிப்பவர் என்பதால் சட்டைக் காலரில் இருந்த தையல்வரை சரியாக இருந்தது. கண்களைக் கண்ணாடி பார்த்துக்கொண்டாள், இடது கண் கொஞ்சம் சிறிது என்பது உட்பட. மீசை லிஃப்ட் அண்ணனின் ஞாபகம். கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பெஞ்சுக்குக் கீழே யாரும் குனிந்து பார்த்ததில்லை ஆதலால் கால்கள் சற்று மங்கல். வகுப்பு முடிந்து மூவரோடும் பேசிக்கொண்டே நடந்து வருவான். அவர்கள் பிரிந்துபோகும் முனை வந்ததும் இருக்கமாட்டான். மறுநாள் எண்ணைக் கூப்பிட்டு, கண்ணாடி பதில் சொன்ன பிறகுதான் வருவான்.

பன்னிடம் சொன்னபோது, ஓய்வு நாளில் அவனே வந்து பார்த்தான். கல்லூரிக்குப் பின்னாலிருந்த டீக்கடையில் உள்ளேனை நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என் முதுகு என்ன இப்படி வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு?"

"உன் முதுகை யாருப்பா பார்த்தது? நீ எப்பவும் பக்கத்துலயே உக்காந்திருப்பே" என்றார் அக்கா.

"மீசை நல்லா வந்திருக்கு" என்று பன் ஒப்புக்கொண்டான். பிறகு உள்ளேனிடம், "ஏண்டா, வாத்தியார் உன்னை ஏதும் கேக்கறாரா?" என்றான்.

"கேட்டார். சொன்னேன்."

"சரியாவா?"

"ஆமா."

"அப்ப நான் இல்லடா அது!" என்று பன் சிரித்தான். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், உள்ளேன் கொஞ்சம் தாமதமாக.

வரிசையில் நமக்குப் பதில் நிற்க ஆள் கிடைத்தால் வரும் சந்தோஷம் பன்னுக்கு. வெயில்காலம் தொடங்கியதும் பேக்கரியில் அவனை மறுபடி காலை முறைக்கு மாற்றினார்கள். அப்போதும் அவன் வகுப்புக்கு வரவில்லை. மாலையில் மொட்டைமாடியில் காலி மாவுச் சாக்குகளை விரித்துப் படுத்துக்கொண்டான். பன்னிரண்டு வயதிலிருந்து வேலைக்குப் போகிறவன். சும்மா இருப்பது என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது என்றான். கண்ணாடி தொடர்ந்து பதில் சொன்னாள்.

அவளுக்குத் தொண்டை கட்டிய ஒருநாள் அக்கா சொல்லிப் பார்த்தார். உள்ளேன் வந்தான், ஆனால் மாலை முழுக்க அக்காவின் குரலில் பேசி, எல்லாருடைய கைக்குட்டைகளையும் வாங்கி வாங்கி மடித்துக் கொடுத்தான். அதற்கடுத்த நாள் அக்காவும் வரவில்லை, லிஃப்ட் அண்ணனுக்கு இரவு வேலை. கண்ணாடியின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவன் இடம் காலியாகவே இருந்தது. மறுநாள் உள்ளேன் கேட்டான்: "நேத்து எங்க போச்சு? எனக்கு முந்தாநாளுக்குப் பிறகு இன்னிக்குதான் இருக்கு." அவன் வருத்தமாகக்கூடக் கேட்கவில்லை. கண்ணாடிக்குத்தான் உறைத்தது. யாரும் சொல்லாவிட்டால் இவன் இல்லை. அதன் பிறகு காய்ச்சலோடும் அவள் வகுப்புக்கு வந்தாள்.

ஒரு வருஷத்தில் உள்ளேன் வகுப்பிலேயே நல்ல மாணவன் ஆகிவிட்டான். ஐந்தொகையில் சொத்துப் பக்கமும் கடன் பக்கமும் ஒத்துவந்தால் உரக்கச் சிரிப்பான். அவனுக்கென்று ஹாஸ்யங்கள் வந்தன; பன்னுக்கு அவை புரியவில்லை. டீக்கடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது பன் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியின் கண்ணில் படத்தான் செய்தது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேக்கரி முதலாளி பன்னிடம், தேறினால் அடுப்பை விட்டுக் கணக்கு மேசைக்கு வரலாம் என்றார். பன் அன்றே டீக்கடைக்கு ஓடிவந்தான். உள்ளேன் அவர்களோடு நின்றிருக்கும்போதே கேட்டான்.

"பரீட்சை ஹால்லயும் எண் கூப்பிடுவாங்க இல்ல? ஒரே ஒரு உள்ளேன். இவன் எழுதிட்டுப் போகட்டும், என் எண்தானே."

கண்ணாடி உள்ளேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வருஷம் பூரா சொன்னே, இன்னும் ஒண்ணு சொன்னா வாய் தேஞ்சிடுமா? உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் ஏதாவது யோசிச்சேனா?"

"நண்பன்னா நண்பன்தாம்மா. சொல்லிடு" என்றார் லிஃப்ட் அண்ணன்.

"ரெண்டு பேரும் நம்ம பசங்கதானே" என்றார் அக்கா, எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

கண்ணாடிக்குள் வில்லைகள் மாறி மாறி விழுந்தன. இது தெளிவா, முன்னது தெளிவா. அம்மாவின் கட்டில் ஞாபகம் வந்தது, ஐந்தொகையைப் பார்த்துச் சிரிக்கும் முகம் வந்தது. கடைசியில் பன்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வராதப்ப நீ இருக்கேன்னு சொன்னேன். இன்னும் எத்தனை வருஷம் வேணாலும் சொல்லுவேன். ஆனா இவன் எழுதினதை நீ எழுதினேன்னு சொல்ல மாட்டேன். அது இவன்கிட்ட திருடறது."

"இவனா? இவனே நான்தானே!"

"இல்லடா" என்றாள். "எப்பவோ நீயா இல்லாம போயாச்சு."

பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். பரீட்சைவரை அவர்களோடு பேசவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மூவரும் உள்ளேனுக்குத் தனி எண் வாங்க, அவனை அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். குமாஸ்தா வருஷக்கணக்காக விநோதங்களைப் பார்த்தவர். பெயர் கேட்டார், உள்ளேன் என்றார்கள்; எழுதிக்கொண்டார். அப்பா பெயர் கேட்டார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "நாங்கதான்" என்றார்கள். கட்டத்தில் அத்தனை இடம் இல்லை என்று "அக்கா மற்றும் இருவர்" என்று போட்டார். பிறந்த தேதிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார். "வயசு பத்தாதேம்மா" என்றார். பிறகு பதினேழாம் எண்ணுக்கு எதிரே வருகையைப் பார்த்தார். ஒரு நாளைத் தவிர எல்லா நாளும் வந்திருந்தான். இப்படி வருகிறவனுக்கு வயதைத் தளர்த்தலாம் என்று சொல்லி, வகுப்பின் கடைசி எண்ணுக்கு அடுத்ததாக நாற்பத்து மூன்றைக் கொடுத்தார். புகைப்படம் முகத்துக்கு மட்டும் போதும் என்றது பெரிய நிம்மதி.

பரீட்சைக்கு முந்தின மாலை, பிரியும் முனையில் உள்ளேன் கண்ணாடியைப் பார்த்து நின்றான்.

"நாளைக்கு நீ எனக்குச் சொல்லாதே. நீ சொன்னா மறுபடி பதினேழுதான் வருவான். நானே சொல்லிப் பாக்கறேன்."

"இல்லாத ஆள் எப்படிடா சொல்லுவே?"

"தெரியல. எல்லாரும் முதல் தடவை அப்படித்தானே சொல்லியிருப்பாங்க?" என்றான். அடுத்த கணம் அவன் இல்லை.

பரீட்சை அறையில் புது மேற்பார்வையாளர். ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்க்கும் ரகம். நாற்பத்து மூன்றாம் நாற்காலி கடைசி வரிசை ஓரத்தில் காலியாக இருந்தது. "பதினேழு" என்றார். பன் வந்திருந்தான். அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பதினேழு" என்றார் மறுபடி. "உள்ளேன் ஐயா" என்றான் பன். அந்த இரண்டு சொல்லையும் அவன் எவ்வளவு மென்மையாகச் சொல்லுவான் என்பதை மூவரும் மறந்தே போயிருந்தார்கள். வருஷம் முழுக்கக் கண்ணாடியின் தடிப்பான குரலையே பதினேழின் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்கள் நகர்ந்தன. "நாற்பத்து மூணு." சத்தமில்லை. லிஃப்ட் அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "நாற்பத்து மூணு?" கண்ணாடியின் தொண்டை தானாகவே தடித்தது. ஒரு வார்த்தை போதும், அவன் வந்துவிடுவான், பன்னாக. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேற்பார்வையாளர் பேனாவைத் தாளில் வைத்தார்.

"உள்ளேன் ஐயா."

முதலில் குரல்தான் வந்தது. ஆள் அதற்குப் பிறகு வந்தான், ஓடிவந்தவன்போல மூச்சு வாங்கிக்கொண்டு. கொஞ்சம் இழுத்துப் பேசும் குரல். அது பன்னுடையதும் இல்லை, கண்ணாடியுடையதும் இல்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை. மேற்பார்வையாளர் "கூப்பிட்ட உடனே சொல்லணும்" என்று கடிந்துகொண்டு கேள்வித்தாளைக் கொடுத்தார்.

அன்று மாலை பிரியும் முனையில் அவன் மறையவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, "இனிமே எங்க போறது?" என்றான். கொஞ்சம் தள்ளி, கோபத்தை விடவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் முடியாமல் நின்றிருந்த பன்தான் கடைசியில் வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வா. என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு ரோட்ல படுத்தேன்னா எனக்குத்தான் அசிங்கம்." நாலடி போனதும் திரும்பி, கண்ணாடியைப் பார்த்து, "மூணாவது கேள்விக்கு என்ன போட்டே?" என்றான். அவர்கள் சமாதானமானது அப்படித்தான்.

உள்ளேனும் மற்ற மூவரும் தேறினார்கள். பன் இரண்டு பாடங்களில் தவறினான். உள்ளேன் சொல்லிக்கொடுக்க, பன் அடுத்த வருஷம் தேறி, பத்து நாள் கணக்கு மேசையில் உட்கார்ந்துவிட்டு, அங்கே குளிர்கிறது என்று அடுப்புக்கே திரும்பினான். அக்கா சொந்தமாகச் சலவைக் கடை வைத்தார். பன்னுக்காகக் காத்திருந்து, மேல் வகுப்பில் ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு சேர்ந்தார்கள். உள்ளேனின் முதுகுக்கு மெல்ல மெல்ல நிறம் வந்தது. இப்போது ஒரே அறையில் குடியிருந்த பன் அதைத் தினமும் பார்த்தானே.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் நாற்பத்து மூன்றைக் கூப்பிட்டபோது அவன் இடம் காலியாக இருந்தது. கண்ணாடி வாயைத் திறந்தாள். பன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

"விடு. காலையிலேர்ந்து தும்மிட்டுப் படுத்திருக்கான். வரலன்னா வரலன்னு போடட்டும். மனுஷனுக்கு ஒருநாள் லீவு வேணாமா?"

வாத்தியார் இரண்டு முறை கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. வரவில்லை என்று குறித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.

மறுநாள் மாலை உள்ளேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, பையைப் பெஞ்சில் தொப்பென்று போட்டான். போர்வைக்குள் கிடந்ததையும், மருந்து கசந்ததையும், பக்கத்து வீட்டு ரேடியோ மத்தியானம் முழுக்க அலறியதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தராவது எனக்கு ஒரு உள்ளேன் சொல்லக் கூடாதா? இதுதான் நட்பா?"

கண்ணாடி சிரித்த சிரிப்பில் வாத்தியாரே தலை நிமிர்ந்து பார்த்தார். அன்று மொத்த வகுப்புக்கும் அவள் கணக்கில் டீ.