முதலில் பார்த்தவன்

"சித்தப்பா, இன்னிக்குப் புதுசா என்ன?" என்று என் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சகலையின் வீட்டுக்குள் ஓடினாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். போன வருஷம் வரை அந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டிருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது என் வேலை. ஆள் வராத மதியங்களில் இணையத்தைத் துழாவி, விசித்திரமான தளம் எதையாவது பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவேன். கோடு கிழித்தால் அந்தக் கோடு எழுந்து நடக்கும் தளம், விரல் வைத்த இடத்தில் பறவை கூவும் தளம். ஒவ்வொன்றுக்கும் மகள் துள்ளிக் குதிப்பாள். பிறகு மச்சினியைக் கட்டிக்கொண்டு இவன் வந்தான். வந்த வாரமே, நாம் முணுமுணுக்கும் மெட்டை நாலு பொம்மைகள் சேர்ந்து பாடும் ஒன்றைப் போட்டான். நான் அனுப்பியதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொண்ட மாமியார், அன்று முழுக்கப் போனும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆள் கெட்டவனாகவாவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் நல்லவனாக இருந்து தொலைத்தான்.

இந்த முறை எனக்கும் ஒன்று சிக்கியிருந்தது. உலக வரைபடத்தில் எங்கே தொட்டாலும் ஒரு மழைத்துளி விழும். அது ஓடையாகி, ஆறாகிக் கடல் வரை போகும். நாமும் மேலே பறந்தபடி கூடவே போகலாம். குழுவில் போடாமல், மனைவிக்குக்கூடக் காட்டாமல் பொத்தி வைத்திருந்தேன்.

"உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க சகலை. போன்ல பாத்தா நல்லா இருக்காது."

"ஓ, அதான் ரெண்டு நாளா ஐயாவுக்கு முகத்துல அப்படியொரு களையா?" என்றாள் மனைவி.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். மகள் என் மடியில் ஏறிக்கொண்டாள். முகவரியில் இரண்டு எழுத்துத்தான் தட்டினேன். மீதியை லேப்டாப்பே எழுதி முடித்தது. ஏற்கனவே போய் வந்த தளத்துக்குத்தான் அது அப்படிச் செய்யும்.

திரும்பிப் பார்த்தேன். சகலை என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான்.

"அட, இது என்னண்ணே? நான் பாத்ததே இல்லையே!" என்றான்.

அவனிடம் தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுத்துவிட்டான், பாவி. முந்தியே பார்த்தும் குழுவில் போடாமல் விட்டிருக்கிறான்; போட்டிருந்தால் இதற்கும் மகள் அவனிடம்தான் ஓடியிருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் ஒரு மலைமேல் விரலை வைத்தாள். துளி விழுந்து ஓடத் தொடங்கியது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பா, இத நீயா கண்டுபிடிச்சே?"

சகலை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திரையில் ஆறு அகலமாகிக்கொண்டே போனது. கடல் இன்னும் வரவில்லை.