விருந்தாளிக்கு அடித்த தண்ணீர்

எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீர் குடிக்க உகந்ததாம்! பரிசோதனை ஆபீசில் ரிப்போர்ட்டைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைத் துணியை முக்கினால் மஞ்சளாக வரும் தண்ணீர் அது. பக்கத்து கெமிக்கல் கம்பெனியைப் பூட்டி எத்தனையோ வருடமாகிறது, பம்பில் அடிக்கிற மருந்து நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை.

"சார், நீங்க எங்க வீட்டுத் தண்ணியத்தான் எடுத்தீங்களா, இல்ல கடையில பாட்டில் வாங்கி ஊத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

பரிசோதனை அதிகாரி இளவரசு சாருக்கு முகம் சிவந்தது. "என்ன டீச்சர் இப்படிப் பேசுறீங்க? உங்கம்மாதான் பம்பு அடிச்சாங்க. நான்தான் பாட்டில்ல புடிச்சேன். தெருவே பாத்துச்சு. இத வச்சு உங்க தெருவுக்கு வர்ற லாரித் தண்ணிய நிறுத்தச் சொல்லி போன வாரமே மேல எழுதியாச்சு."

நான் வேலை பார்ப்பது சிதம்பரத்தில். பரீட்சை டூட்டி என்று கொஞ்ச நாளாகக் கடலூர்ப் பக்கமே வராமல், இன்றுதான் பஸ் இறங்கி நேராக இந்த ஆபீசுக்கு வந்திருந்தேன். வீட்டில் தம்பி செம்பியனின் மனைவி ஸ்ரீமதி ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பு இரண்டு முறை கலைந்துவிட்டது. பம்புத் தண்ணீர் வாயிலேயே படக்கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருக்கிறார். லாரி நின்றால் அவள் கதி?

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அன்னிக்கு பம்பு அடிக்கும்போது மேல தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தாம? வாசர் போன பம்பு, ஊத்தாம எப்படி ஏறும்? லாரித் தண்ணி ரெண்டு கொடம் ஊத்துனேன். வந்த மனுசனுக்கு நாத்தத் தண்ணிய அடிச்சுக் குடுக்கச் சொல்றியா? நல்லா தெளிவா வந்துச்சு, அவுரும் சந்தோசமா புடிச்சுக்கிட்டாரு. ஏ கலை, அதுக்கப்புறம் இங்க..."

"கெடுத்தியே காரியத்த!" என்று கத்திப் போனை வைத்தேன். அவர் பிடித்துக்கொண்டு போனது முழுக்க லாரித் தண்ணீர். எங்கம்மா ராசம்மாளுக்கு மானம் மரியாதை என்றால் உயிர்.

இளவரசு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான் டீச்சர். ரொம்ப நேரம் அடிச்சுக் கொட்டிட்டுதான் புடிச்சிருக்கணும். வாங்க, இப்பவே மறுபடி எடுத்துடலாம். லாரிய நிறுத்தாம பாத்துக்கலாம்."

ஐஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக் கிளம்பினோம். வழியெல்லாம் ஸ்ரீமதிக்குப் போன் போட்டேன், எடுக்கவே இல்லை. தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாத" என்று அடக்கிவிட்டு, ஜீப்பில் இருந்த கேன் தண்ணீரைக் கொஞ்சம் பம்பில் ஊற்றி அடித்தேன். முதலில் தெளிவாக வந்தது. நானும் சாரும் மாறி மாறி அடித்தோம், தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. மெல்ல நிறம் மாறி, பழுத்த எலுமிச்சை போல மஞ்சளாகக் கொட்டியது. நாற்றம் மூக்கில் ஏறியதும் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பாட்டிலில் பிடித்து சீல் வைத்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஜெயித்துவிட்ட திமிரோடு உள்ளே போனேன்.

ஸ்ரீமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் ஆவி பறக்கிற சீரகத் தண்ணீர்.

"போன எடுக்க மாட்டியா ஸ்ரீமதி? இது லாரித் தண்ணிதான?"

"இல்ல அண்ணி. லாரி நின்னு நாலு நாளாச்சே. பம்புத் தண்ணி நல்ல தண்ணின்னு மைக்குல சொல்லிக்கிட்டுப் போனாங்க. அத்தைதான் எதுக்கும் இருக்கட்டும்னு நல்லா கொதிக்க வச்சு, சீரகம் போட்டு..."

டம்ளரைத் தட்டிவிட்டேன். அது உருண்டு வாசல்படி வரை போனது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், கெமிக்கல் எங்கே போகும்? வற்ற வற்றக் கூடத்தானே செய்யும்!

"அதத்தான் கலை போன்ல சொல்ல வந்தேன்" என்றாள் அம்மா. "சர்க்காரே நல்ல தண்ணின்னு சொன்னப்ப, நான் என்னத்தக் கண்டேன்?"

ஸ்ரீமதியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஜீப்பில் ஏற்றினேன். "பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க சார்." அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "காலையிலேந்து அசையவே இல்ல அண்ணி" என்றாள் மெதுவாக. நானும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கடவுளே, ஒரு உதை, ஒரே ஒரு உதை போதும் எனக்கு.

ஜீப் கிளம்பும்போது அம்மா ஓடி வந்தாள், வழியில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீரோடு. வெளியே கிளம்புகிற யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஜன்னல் வரை வந்து பாட்டிலை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அதில் இருக்கும் மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டு, அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.