இருபதும் ஏறிய வண்டி

…கிளட்ச் கேபிள்தான், வேறென்ன, கேபிள்தான் லூஸ், இல்லாவிட்டால் இறக்கம் தொடங்குகிற இருபதாவது வளைவுக்கு வந்ததும் வண்டி இப்படி நிற்குமா, நிற்காது, வண்டி எங்கே நின்றது, நிறுத்தியதே மாதையன்தான், ஆனால் பழியை வண்டியின் தலையில் கட்டிவிட்டால் அது வாய் திறந்து மறுக்கவா போகிறது… “ஒரு நிமிசம் சாமி, கேபிளு என்னமோ இழுக்குது, பாத்தறேன்” என்று மகளை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தவன், ஒரு நிமிடம் என்றது எத்தனை நிமிடமாயிற்று, கையில் கடிகாரம் இருக்கிறது, பார்க்கத்தான் தைரியமில்லை. பார்த்தான். ஏழே கால். சரஸ்வதி கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறாள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனிக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு. ஃபைலுக்குள் பிளஸ் டூ மார்க் லிஸ்ட், அதற்கு மேல் நர்ஸ் படிப்புக்கு வந்த இண்டர்வியூ கார்டு, சேலத்தில், இன்றைக்கு, பத்தரை மணிக்கு, தாமதமாக வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள். அந்தக் கடைசி வரியை அவளேதான் முந்தாநாள் வாசித்துக் காட்டினாள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இரண்டு தரம். நேற்று மத்தியானத்திலிருந்து பஸ் ஸ்ட்ரைக், மலைக்கு ஒரு பஸ் ஏறவில்லை. செம்மநத்தத்தில் அத்தனை பேரும் ஐயோ பாவம் புள்ள என்றபோது, அவளுக்கென்னங்க கவலை, அவங்கப்பன்கிட்டத்தான் வண்டி இருக்குதே என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னவள் அத்தாயி, இவன் பெண்டாட்டி.

வண்டி இருக்கிறது, ஆமாம், எப்பேர்ப்பட்ட வண்டி, யெஸ்டி, இருநூற்றைம்பது சிசி, இரண்டு பக்கமும் சைலன்ஸர், செம்மநத்தத்தில் உதைத்தால் கிளியூர் வரைக்கும் கேட்கும் என்று ஊரார் அளப்பார்கள். ஒரே கம்பிதான், நிமிர்த்தி உதைத்தால் கிக்கர், மடக்கிவிட்டால் கியர், அந்த அதிசயத்தைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாங்கியதோடு விட்டானா? முன்னால் லெக் கார்டு, கல் தெறித்து எஞ்சினில் படாமலிருக்க அடியில் இரும்புத் தகடு, சேறு அடைக்காமலிருக்க முன் மட்கார்டை நாலு விரல் தூக்கி, பின்சக்கரத்துக்குப் பட்டன் டயர், பனிக்கு மஞ்சள் விளக்கு, காப்பிச் சாக்கு கட்ட இரண்டு பக்கமும் கம்பி, இரட்டை ஹாரன்… எட்டு மாதமாக ஒன்று போனால் ஒன்று. சேலத்திலிருந்து லாரிக்காரன் பொன்னுவேல் வாங்கிவருவான், ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் ஐயாக்கண்ணு மாட்டிக்கொடுப்பான். “ஏனுங்க, எப்பத்தான் இதுல கீழ எறங்கப் போறீங்க?” என்று ஐயாக்கண்ணு ஒவ்வொரு தரமும் கேட்பான். இதை மாட்டிட்டா எறங்கிறலாம் என்பான் இவன். லெக் கார்டு வரட்டும் என்றான், வந்தது. டயர் வழுக்குது என்றான், டயர் வந்தது. பனியில் ஒன்றும் தெரிவதில்லை என்றான், விளக்கு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவன் கூடத்தை நிமிர்த்தி நிமிர்த்தியே எட்டு மாதத்தை ஓட்டிவிட்டான். கடைசியாக மாட்டியது சரஸ்வதிக்காக, தாவணி சக்கரத்தில் சிக்காமலிருக்க வலை, ஒரு பக்கமாக உட்கார்ந்து கால் வைக்க ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதை ஐயாக்கண்ணு முடுக்கும்போது பொன்னுவேல் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஏனென்றால் பொன்னுவேலுக்குத் தெரியும். வாங்கிய அன்றைக்குக் கடையிலிருந்து அடிவாரம் வரைக்கும் மாதையன் ராஜா மாதிரிதான் வந்தான், நேர் ரோடு, வண்டிக்கு மாலை, எதிரில் வருகிறவனெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். முதல் வளைவு எப்படியோ ஏறிவிட்டது. இரண்டாவதில் கியரைக் குறைக்கிறேன் பேர்வழி என்று காலால் கம்பியைத் தேடி, எஞ்சின் அணைந்து, வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது, அடேயப்பா, முன்னால் போகிறபோது பழகின வண்டி பின்னால் போகிறபோது யாரோ மாதிரி அல்லவா இருக்கிறது, எந்தப் பிரேக்கைப் பிடிப்பது என்று கைக்கும் தெரியவில்லை காலுக்கும் தெரியவில்லை, சுவரில் முட்டித்தான் நின்றது. சுவர் இல்லாவிட்டால்? ஒன்றும் ஆகவில்லையே, ஒரு கீறல், அவ்வளவுதானே… ஆனால் சுவர் இல்லாவிட்டால்? ரோட்டோரம் உட்கார்ந்திருந்தபோது பொன்னுவேல் உரமூட்டை லாரியோடு வந்தான். பலகையைச் சாய்த்து இரண்டு பேருமாக வண்டியை மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிச் சணல் கயிற்றால் கட்டினார்கள். மற்றவனுக்கெல்லாம் மானம் கப்பலேறும், மாதையனுக்கு லாரி ஏறியது. ஏரி தாண்டி ஆளில்லாத இடத்தில் இறக்கி, துண்டால் துடைத்து, மாலையை நேராக்கி, ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனான். எவனோ கேட்டான், “இருபது வளைவும் நீயேவா ஏறுன?” ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கேட்ட வார்த்தைதான், “இருபதும்” என்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இவன் கெட்டிக்காரனும் இல்லை, புளுகு எட்டு மாதமாக நிற்கிறது. சேர்வராயன் கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியபோதுகூட, இருபதும் ஏறுன வண்டி, சாமிதான் கூட வந்துது என்று யாரோ சொல்ல, இவன் தலையை ஆட்டினான். சாமியையும் சேர்த்துச் சாட்சிக்கு இழுத்தாயிற்று.

சரி, போனது போகட்டும், இன்றைக்குக் காலையில் என்ன கேடு உனக்கு? எஸ்டேட் ரைட்டர் முருகேசன் உன் வீட்டு வாசலிலேயே ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, நீ கேட்டா நிறுத்தினார்? “மாதையா, பஸ் இல்லீங்களாமா, நா சேலந்தான் போறனுங்க, பாப்பாவ ஏத்தி உடுங்க, ஒம்பது மணிக்கெல்லாம் கொண்டி எறக்கி உட்டறேன்.” பின்சீட்டில் இடம் இருந்தது, ஒரு சாக்குப்பை மட்டும்தான் கிடந்தது, அதைக்கூட அவர் கையாலேயே நகர்த்தினார். அத்தாயி முந்திக்கொண்டாள், “எதுக்குங்க உங்களுக்குச் சிரமம், இவங்கதான் இருபதும் ஏறுன வண்டி வச்சிருக்கறாங்களே.” அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான், திறந்து என்ன சொன்னான்? “நொம்ப சந்தோசமுங்க ரைட்டரே, எம்புள்ளைய நானே கூட்டிக்கிட்டுப் போறனுங்க.” யார் வாய் அது? பெற்ற பிள்ளையின் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜம்பம் பேசுகிற வாய் யாருடையது? ஜீப் போய்விட்டது. சரஸ்வதி புதுப் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு இல்லை, இண்டர்வியூ பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஏழே முக்கால். லெக் கார்டு போல்ட்டை ஒரு சுற்று முடுக்கினான், அது ஏற்கெனவே முடுக்கித்தான் இருந்தது. கீழே பனி விலகி ரோடு தெரிகிறது, ஒரு வளைவு, அதற்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, பார்க்காதே, பார்க்காமல் எப்படி இறங்குவது? ஏறுகிறபோதே உருண்ட வண்டி இறங்குகிறபோது என்ன பண்ணும்? ரெண்டு சக்கர வண்டியில எறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பக்கூடாதுங்க என்று பொன்னுவேல் எப்போதோ சொன்னது இப்போதுதானா ஞாபகம் வரவேண்டும். தனியாக என்றால்கூட, சரி, விழுந்தால் இவனோடு போகும்… பின்னால் பிள்ளை, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு வளைவுக்கு மலையைப் பார்த்து, மறு வளைவுக்குப் பள்ளத்தைப் பார்த்து. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டால்? டிரைவர் முன்பின் தெரியாதவன், வயசுப் பிள்ளையைத் தனியாக… அதெல்லாம் சாக்கு, கூடவே இவனும் ஏறிப் போனால் யார் தடுக்கப்போகிறார்கள், ஏனுங்கப்பா வண்டி இருக்குதே என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பயம். ஸ்பேனர் பிடித்த கை எழவேயில்லை. லாரி போய்விட்டது. சுவர் முடிகிற இடத்தில் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது, வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அடிவாரம் வரைக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவான், தலையில் இரண்டு பலாப்பழத்தோடு ஒன்றரை மணி நேரத்தில் இறங்கியவன்தானே. ஏழு மணிக்கே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் இந்நேரம் பாதி மலை. வா சாமி, நடந்து போயிறலாம். நாலே வார்த்தை. தொண்டை வரைக்கும் வருகிறது, அப்புறம் இரட்டை ஹாரனையும் மஞ்சள் விளக்கையும் பார்க்கிறது, உள்ளே போய்விடுகிறது.

“அப்பா.”

“இதா ஆச்சு சாமி.”

“மணி எட்டே கால் ஆச்சுங்கப்பா.”

“கேபிளு…”

“கேபிளு நல்லாத்தானுங்கப்பா இருக்குது.” கோபமாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் இவனும் கத்தித் தப்பித்திருப்பான். பக்கத்தில் வந்து நின்று, பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு வண்டி வந்தப்ப, இந்தக் கம்பியெல்லாம் வெள்ளயா உரத்தூளு. சைலன்ஸர்ல சணல் நாரு சுத்தி இருந்துது. அம்மா ஆரத்தி கரைக்க உள்ள போயிருந்தாங்க. அதுக்குள்ள நா தொடச்சு உட்டுட்டனுங்கப்பா.”

எட்டு மாதம். சோறு போடும்போது, பாடம் படிக்கும்போது, சேர்வராயன் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடும்போது, எல்லா நேரமும் தெரிந்துகொண்டா இருந்தாள்? யெஸ்டியைத் துடைத்தது இவனா, இவளா? இவன் துண்டால் துடைத்ததில் தப்பியதை அந்தப் பிள்ளை பாவாடை நுனியால் துடைத்திருக்கிறது, தகப்பன் மானம் அதில் ஒட்டிக்கொண்டிருந்ததென்று. அப்படியானால் காலையில்… காலையில் ஜீப் வாசலில் நின்றபோது இவளும் அங்கேதானே நின்றாள், எல்லாம் தெரிந்துகொண்டு. “அப்பறம் ஏஞ்சாமி நீ ஜீப்புல ஏறல?” என்று கேட்டான், கேட்டது இவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ரைட்டரு முன்னால எப்படிங்கப்பா.”

குனிந்து புதுச் செருப்பைக் கழற்றி ஃபைலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நா பாதையில ஓட்டமா எறங்கிட்டனா பத்துக்குள்ள அடிவாரம். அங்க ஆட்டோ இருக்கும். நீங்க ஊட்டுக்குத் திரும்பிருங்க, கொண்டி உட்டுட்டு வந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லிக்குங்க.” அதற்கும் ஒரு பொய்யை அவளே கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். மாதையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் போவதா? எந்த முகத்தோடு? வண்டியை இங்கேயே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினால் என்ன, ஓடேன், உனக்குத் தெரிந்த பாதை, ஓடேன்டா… கை ஹாண்டிலை விடவில்லை. எஞ்சினை உதைக்காமல், முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி பக்கத்திலேயே நடந்து உருட்டினான். இவன் பக்கத்துச் சாக்குக் கம்பி முழங்காலில் இடித்தது, லெக் கார்டு கணுக்காலைப் பதம் பார்த்தது, மாட்டிய சாமான் ஒவ்வொன்றும் இப்போது எடைதான். நாம் இறங்கிப் போவது தெரிந்தால் அவளுக்கு ஒரு தெம்பு என்று நினைத்துக்கொண்டான். பத்தொன்பதாவது வளைவு. பாதை ரோட்டைக் கடக்கிற இடத்தில் சரஸ்வதி நின்றுகொண்டிருந்தாள். சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டு நின்றிருப்பாள். இவன் வளைவைத் திரும்பி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மறுபடியும் பாதையில் இறங்கினாள்.

எட்டு நாற்பது. பாதைக்கு ஐந்து நிமிடம் என்றால் உருட்டுவதற்குப் பதினைந்து. இன்னும் பதினெட்டு வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அவள் நின்றால்? பத்தரைக்கு எங்கே போய்ச் சேருவாள்? இதென்ன பாவம், இவன் இறங்காமல் அங்கேயே நின்றிருந்தால் அவள் ஒரே ஓட்டமாகப் போயிருப்பாள், இவன் வருகிறான் என்பதால்தான் நிற்கிறாள், உருளாமல் வந்து சேருகிறானா என்று. நிக்காத சாமி, ஓடு, எனக்காக நிக்காத. கத்தலாம், மரங்களுக்கு நடுவே குரல் எவ்வளவு தூரம் போகும்? கட்டைவிரல் ஹாரன் பொத்தானுக்குப் போனது, இரட்டை ஹாரன், மலையே அதிரும், ஆனால் அடித்தால் போகச் சொல்வதாகவா எடுத்துக்கொள்வாள், அப்பன் விழுந்துவிட்டான் என்று ஏறி ஓடிவர மாட்டாளா? விரலை எடுத்துவிட்டான். வண்டி இழுக்கிறது, உள்ளங்கை வியர்த்து பிரேக் வழுக்குகிறது, இடது பக்கம் சுவர் உடைந்து பள்ளம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை அவள் நிற்கக்கூடாது, சேர்வராயா, அவள் போயிருக்கவேண்டும், போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே பதினெட்டாவது வளைவைத் திரும்பியவன், புளியமரத்தடியில் பச்சைத் தாவணியின் நுனி தெரிந்ததும், அப்பாடா, நிற்கிறாள் என்று மூச்சு விட்டான்.